நான் சொல்லிக்கிடுதேன்

நடந்தவை, வரிசைப்படி:

1. அவர் எங்கள் ஊருக்கு விருந்தினர்களைக் கூட்டி வந்தார்.
2. விருந்தினர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றார்.
3. டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா நின்றாள். சோறு ஆறிப்போனது.
4. மறுநாள் அவர் அம்மாவிடம் ஒன்று சொன்னார். டென்மார்க் பெண்ணிடம் வேறொன்று சொன்னார்.
5. அதன்பின் அம்மா யாருக்கும் பரிமாறவில்லை.
6. எனக்குத் தெரிய வந்தது.
7. நான் அவசரப்படவில்லை.

ஏழாவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'சார்' என்பதை இழுத்து 'சாரு' என்றால் அவர்தான். தக்கலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். கிராமச் சுற்றுலாத் திட்டம் வந்தபோது அவருக்கு 'ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி கொடுத்தார்கள். பதவி வருவதற்கு முன்பே அவர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது எங்கள் பக்கத்து வீட்டுப் பகவதியக்காவின் கருத்து.

"அவரு பொறக்கும்பளே தாய்க்கும் மருத்துவச்சிக்கும் எடையில நின்னு பேசியிருப்பாரு பிள்ளே."

அவர் நிற்கும் விதத்தை வைத்தே அவரை வரைந்துவிடலாம். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. கக்கத்தில் குடை. சட்டைக் காலருக்குள் வியர்வைக்கு மடித்து வைத்த கைக்குட்டை. உள்ளே இருப்பவர் வாயைத் திறந்தால் இடது உள்ளங்கை போக்குவரத்துக் காவலர் மாதிரி உயரும். வெளியே இருப்பவர் வாயைத் திறந்தால் வலது கை. "நில்லுங்க. நான் சொல்லிக்கிடுதேன்." அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்.

வெளிநாட்டுக்காரர்களிடம் அவர் மொழிபெயர்த்தது சரி. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அவர் தமிழையும் தமிழுக்கு மொழிபெயர்த்தார். திட்டத்தைப் பார்வையிட சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பகவதியக்கா எழுந்து, "மேடம், கக்கூசுக்குத் தண்ணி வரல்ல, பைப்பு போட்டுத் தரணும்" என்றாள். இதில் புரியாதது எதுவுமில்லை. ஆனாலும் இவர் கையை உயர்த்தினார். "மேடம், அவிய சொல்லுதது என்னன்னா, அடிப்படைக் கட்டமைப்பு வசதிகளில் இன்னும் சிறிது மேம்பாடு தேவைப்படுகிறது என்கிறார்கள்." அதிகாரி குறித்துக்கொண்டார். பைப்பு வரவில்லை.

இன்னொரு முறை, துபாயிலிருந்து பகவதியக்காவின் கணவர் வீடியோவில் அழைத்திருக்கிறார். அவர் பெண்டாட்டியிடம் ஏதோ கேட்க, பக்கத்தில் நின்ற சாரு எட்டிப் போனுக்குள் முகத்தைக் காட்டி, "அவிய என்ன சொல்ல வாராவன்னா..." என்று ஆரம்பித்தாராம். "ஓய், அது எனக்க மாப்பிளையாக்கும்!" என்று அக்கா போனைப் பிடுங்கினாள். இதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதையும் சொல்ல வேண்டும், அவரை யாருக்கும் பிடிக்காமல் இல்லை.

நியாயமாக எழுத வேண்டுமென்றால் இன்னும் உண்டு. அவர் இல்லாவிட்டால் தக்கலைக்கும் இரணியலுக்கும் நடுவில் எங்கள் ஊர் என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. வட்டக்கோட்டையைப் பார்த்துவிட்டு நேரே கன்னியாகுமரி விடுதிக்குப் போகிறவர்களை, வயலும் தாமரைக் குளமும் பார்க்கலாம் வாருங்கள் என்று திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். ஆறு வீடுகளைத் தேர்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறைக்கு வெள்ளையடிக்க வைத்து, கட்டிலுக்குக் கொசுவலை கட்டக் கற்றுக்கொடுத்தார். அப்பா இறந்தபின் வீட்டுக்குள்ளேயே கிடந்த அம்மாவை, "சிஸ்டர், உங்க மீன் கொழம்பு கொள்ளாம், நாலு பேரு வந்து தின்னட்டும்" என்று கிளப்பியதும் அவர்தான். அம்மா அந்தக் காலத்தில் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு தேங்காய் துருவுவாள். அதை அவர் கணக்கில் நான் வரவு வைத்துத்தான் இருக்கிறேன்.

இனி மூன்றாவதும் நான்காவதும்.

நான் திருவனந்தபுரத்தில் நெட்வொர்க் பொறியாளர். காலையில் இரணியலில் ரயில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். டென்மார்க் பெண் எங்கள் வீட்டில் சாப்பிட்ட மத்தியானம் நான் இல்லை. அம்மா, பகவதியக்கா, அந்தப் பெண் என்று மூன்று பேரிடமும் பிற்பாடு தனித்தனியாகக் கேட்டு நான் சேர்த்துக்கொண்டது இது.

எங்கள் பக்கம் விருந்தினர் சாப்பிடும்போது வீட்டுக்காரி உட்காரமாட்டாள். எதிரே நின்று, இலையில் எது குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். குறைந்ததும் விளம்புவாள். உட்கார்ந்துவிட்டால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் ஊரிலோ, வீட்டுக்காரி உட்கார்ந்து முதல் வாய் எடுத்து வைக்காமல் விருந்தினர் கையை நீட்டமாட்டார். இவர் அவளுக்காகக் காத்திருந்தார். அவள் இவருக்காகக் காத்திருந்தாள். இலையில் சம்பா அரிசிச் சோறும், மீன் குழம்பும், மரச்சீனி மசியலும். நடுவில் சாரு.

அவருக்கு இரண்டு பக்கத்து வழக்கமும் தெரியும். ஒரு வாக்கியம் போதும். "நீங்க உக்காருங்க சிஸ்டர், அப்பதான் அவிய திம்பாவ." அதை அவர் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தார், அந்தப் பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்தார். இரண்டு பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்தார்கள். கொல்லைப்புறத்திலிருந்து பார்த்த பகவதியக்கா சொன்னாள்: "அந்த நேரத்துல அவருக்க மொகத்தைப் பாக்கணுமே. சாமி வந்த மாதிரி ஒரு தெளிச்சல்."

கடைசியில் அந்தப் பெண் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் சாரு வந்தார், வாசற்படியில் ஒரு காலை வைத்தார். "சிஸ்டர், நான் சொன்னதா எடுக்கப்பிடாது. வந்தவியளுக்குக் கொஞ்சம் வருத்தம். நீங்க எதுக்க நின்னு எலையையே பாத்துக்கிட்டு நின்னது, எவ்வளவு திங்கான்னு எண்ணுத மாதிரி இருந்துச்சாம். தொண்டையில எறங்கலையாம்."

அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் அவர் சொன்னது வேறு. அவர்களுடைய மத வழக்கப்படி வெளியாட்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாளையிலிருந்து என் இடத்தில் சாப்பிடலாம், அங்கே எல்லோரும் ஒன்றாக உட்காரலாம்.

அவருடைய இடம் என்பது குளத்தங்கரையில் தம்பி பெயரில் அவர் அப்போதுதான் கட்டி முடித்திருந்த நான்கு ஓட்டு வீடுகள். கொஞ்ச நாளில் விருந்தினர் எல்லோரும் அங்கேயே தங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள். ஊருக்குள் புகைப்படம் எடுக்க மட்டும் வந்தார்கள். ஆறு வீட்டுப் பெண்களில் சிலர் அங்கே சமைக்கப் போனார்கள், பின்வாசல் வழியாக.

எங்கள் மதத்தைப் பற்றி அவர் சொன்னதை இங்கே விளக்க வேண்டும். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் கிறிஸ்தவ சபையில் அசனம் என்கிற பொது விருந்து உண்டு. ஆலயத்துக்குப் பக்கத்து வெளியில் பாய் விரித்து ஊரே ஒரே பந்தியில் உட்காரும். பக்கத்தில் யார் என்று பார்க்கக்கூடாது என்பதற்காகவே உண்டான பந்தி அது. மற்றவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார விடப்படாத குடும்பங்கள் எங்களுடையவை. உட்காரலாம் என்று சொன்ன இடத்துக்குத்தான் எங்கள் முன்னோர் போனார்கள். அந்தப் பந்தியில் சாம்பார் வாளி தூக்குவது அம்மாவின் பொறுப்பு. இவர்கள் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள் என்று அந்த மனிதர் ஊர்தாண்டி வந்தவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் அசனத்தில் அம்மா வாளியைத் தொடவில்லை. பின்பக்கம் பெண்களோடு காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அம்மா?"

"கண்ணு செரியில்ல மக்கா."

"கண்ணுக்கும் சாம்பாருக்கும் என்ன?"

"எலையைப் பாத்துதானே வெளம்பணும். பாத்தா, எண்ணுதான்னு நெனைப்பாவ."

துருவிக் கேட்டதும், சாரு மறுநாள் வந்து சொன்னதை அம்மா சொன்னாள். அப்போதுதான் எனக்கு முதல் பாதி தெரிந்தது. ஒரு வெள்ளைக்காரி என் அம்மாவை அவமானப்படுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணின்மேல் முழுதாக ஒரு வருடம் வெறுப்பு வைத்திருந்தேன். என் தொழிலில் ஓர் இணைப்பு பழுதானால் இரண்டு முனையிலும் சோதிக்க வேண்டும். வீட்டு விஷயத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது முனை தானாகவே வந்தது. அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, இரணியல் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு முன்னால் இறங்கினார். சாருக்குத் தெரியாமல் தனியாக வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை. கையில் வீட்டில் செய்த ஜாம் ஒரு குப்பி. கேட்டைத் தாண்டாமல் வெயிலில் நின்றார். நான் போனதும், உள்ளே வரலாமா, உங்கள் அம்மாவின் மதத்துக்கு இடைஞ்சல் இல்லையே என்று கேட்டார்.

என்ன மதம், என்ன இடைஞ்சல் என்று நான் கேட்டேன். அவர் சொன்னார். அந்த ஜாம் குப்பியை நான் கையில் வாங்கிப் பிடித்திருந்த விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மூடி விரலில் அழுந்தித் தடம் பதிந்துவிட்டது.

உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன்.

"நான் எண்ணினேனான்னு கேளு மக்கா."

கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. உங்கள் அம்மா என் இலையைப் பார்த்தது நினைவிருக்கிறது, சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் என் அம்மா அப்படித்தான் தட்டைப் பார்ப்பாள், அவள் உட்காராமல் நான் எப்படிச் சாப்பிடுவது என்றுதான் இருந்தேன் என்றார்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்தேன். அம்மா எழுந்து போய் மூன்று இலை நறுக்கிக்கொண்டு வந்தாள். போட்டாள். விளம்பினாள். பிறகு, தன் வீட்டில் விருந்தினருக்கு எதிரே, வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தாள். கூச்சத்தில் முந்தானையை இரண்டு முறை இழுத்துச் சரிசெய்தாள். முதல் வாய் அவள்தான் வைத்தாள்.

அன்றைக்கே போய் அவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். பகவதியக்கா அதைத்தான் சொன்னாள். "ஏட்டி, இப்பமே வா. குளத்தங்கரையில வச்சு நாலு கேப்போம்." நான் மறுத்தேன். நாலு கேள்வி கேட்டால் அவர் நாற்பது பதில் சொல்வார். பேச்சு அவருடைய இடம். அந்த இடமே இல்லாமல் செய்ய வேண்டும் என்று தோன்றியது. எல்லாம் ஒரே முனை வழியாகப் போகிற அமைப்பில் அந்த முனையோடு சண்டை போடுவதில் பயனில்லை. மாற்று வழி போட்டுவிட்டால் அது தானாக ஓய்ந்துவிடும்.

முதலில் ஆறு வீட்டுப் பெண்களையும் எங்கள் வீட்டில் கூட்டி, போனில் பேசினால் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும் செயலியைப் பழக்கினேன். அதற்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. "மரச்சீனி திம்பியளா?" என்று பகவதியக்கா கேட்டால் அது என்னென்னவோ உளறியது. "இதுக்கும் சாரு வேணுமோ?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அக்காவே வழி கண்டுபிடித்தாள். முதுகை நிமிர்த்தி, டிவியில் செய்தி வாசிக்கிறவள் குரலில், "வணக்கம். நீங்கள் மரவள்ளிக்கிழங்கு உண்பீர்களா?" என்றாள். போன் சரியான ஆங்கிலத்தில் சொன்னது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் விருந்தினர் வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் செய்தி வாசிக்கும் சத்தம் கேட்கும்.

அடுத்து, ஆறு வீடுகளுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் செய்தேன். வீட்டுக்காரியின் படம், அவள் போன் எண், அவள் என்ன சமைப்பாள் என்பது. சாருவின் எண்ணை நீக்கவில்லை. கடைசியில் போட்டேன். பக்கத்தின் மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'எங்கள் வீடுகளில் நாங்கள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம்.' டென்மார்க் பெண் தன் ஊர்க்காரர்களுக்கு அதை அனுப்பினார். அவர்கள் நேராக எங்களுக்கு எழுதினார்கள். இரணியல் ஆட்டோக்காரர்களுக்கு ஆறு வீடும் மனப்பாடம் ஆனது.

சனிக்கிழமைகளில் வண்டியில் குளத்தங்கரை வழியாகப் போவேன். தேவையே இல்லாத சுற்று வழி. அவருடைய நான்கு வீடுகளுக்கும் பின்னால் உள்ள கொடியில் வெள்ளை விரிப்புகள் காய்கின்றனவா என்று பார்ப்பேன். கொடி வெறுமையாக இருந்தால் அன்றைய மத்தியானச் சோறு எனக்கு ருசித்தது. இதை மறைக்க எனக்குக் காரணம் எதுவுமில்லை.

அவருக்குப் புரிந்தது. என்னை வழிமறித்து, "மோளே, நம்மொ எல்லாரும் ஒண்ணுதானே, என்னையும் கலந்துக்கிட்டுச் செய்யப்பிடாதா?" என்றார். "உங்க நம்பர் போட்டிருக்கே சார்" என்றேன்.

பிறகு சென்னை அதிகாரி இரண்டாம் முறை வந்தார். கூட்டம் பள்ளிக்கூடத்தில். ஆறு பெண்களும் முன்வரிசையில். பகவதியக்கா எழுந்தாள். அவர் வழக்கம்போல முன்னால் வந்து நின்று கையை உயர்த்தினார். "மேடம், அவிய சொல்லுதது என்னன்னா..."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல்லையே சாரே" என்றாள் அக்கா. "கொஞ்சம் தள்ளி நில்லும். மேடத்துக்க மொகம் தெரியல்ல."

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அவரும் சிரிக்கப் பார்த்தார், வாய் மட்டும் இழுபட்டது. இடதுபக்கம் நகர்ந்தார். அங்கே மைக் இருந்தது. வலதுபக்கம் நகர்ந்தார், அங்கே நான் இருந்தேன். கடைசியில் பின்வரிசை நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பகவதியக்கா பைப்பைப் பற்றிப் பேசினாள். இந்த முறை பைப்பு வந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம் என்று அம்மா சொல்வாள், தெரிந்தால்.

கூட்டம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய பிறகு, அவர் கேட்டுக்கு வெளியே நின்றார். காலரில் கைக்குட்டை இல்லை. குடையைக் கையில் தொங்கவிட்டிருந்தார்.

"அம்மை உண்டுமா மக்கா?"

"என்ன விஷயம் சார்?"

"அவியட்ட ஒரு வார்த்த நேர்ல சொல்லணும். அண்ணைக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கப்பிடாது. தப்பு எனக்கதாக்கும். கால்ல விழச் சொன்னாலும் விழுதேன்..."

நான் கையை உயர்த்தினேன். திட்டமிட்டுச் செய்யவில்லை, கை தானாகப் போனது.

"நில்லுங்க சார். நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் முகம் மாறியது. நான் உள்ளே போனேன். அம்மா கொல்லையில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு மக்கா வாசல்ல?"

"வழி கேட்டு வந்தவரு அம்மா."

"வெயிலா கெடக்கு. தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன்."

அம்மாவை எனக்குத் தெரியும். சாரு வந்திருக்கிறார் என்று சொன்னால் மீன் கையோடு ஓடிவந்து, உள்ளே கூப்பிட்டு, கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்து, "சவத்த விடுங்க சாரே, நானும் அதை மறந்தாச்சு" என்பாள். காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவருக்கு அவ்வளவு சீக்கிரம் முடியக்கூடாது.

அடுக்களையில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன்.

"அம்மைக்கு உங்களைப் பாக்க இஷ்டமில்ல சார். பேரைக் கேட்டதுமே மொகத்தைத் திருப்பிக்கிட்டாவ."

"அப்பிடியா சொன்னாவ?"

"நான் சொல்லுததுல நம்பிக்கை இல்லியா சார்?"

என்னை நிறைய நேரம் பார்த்தார். அந்தத் தொழிலை அவரைவிட அறிந்தவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனால் நம்பவில்லை என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால், அவர் இத்தனை வருடம் எல்லோரிடமும் சொன்னது என்னவாகும்?

"உண்டு மக்கா, உண்டு" என்றார். குடையை விரிக்காமலே வெயிலில் நடந்து போனார்.

இப்போதைய நிலை: ஆறு வீடுகளுக்கும் விருந்தினர் வருகிறார்கள். குளத்தங்கரை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கடந்த அசனத்தில் அம்மா சாம்பார் வாளி தூக்கினாள். அவர் அதன்பின் இரண்டு முறை கேட்டுக்கு வந்தார், இரண்டு முறையும் நான்தான் பதில் கொண்டுவந்தேன். சந்தையில் அம்மா எதிர்ப்பட்டால் அவர் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போகிறார். "சாருக்கு என்ன சொகக்கேடோ, பேசவே மாட்டேங்காரு" என்று அம்மா வருத்தப்படுகிறாள். அவள் அவரை மன்னித்துவிட்டாள். அது அவருக்குத் தெரியாது. அவர் மன்னிப்புக் கேட்டது அவளுக்குத் தெரியாது. நடுவில் நான் நிற்கிறேன். நகரும் எண்ணம் இல்லை.